சொன்ன தேதிக்கு மொட்டை

ஷெர்லிக்கு உலகத்தில் எல்லாவற்றைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் உண்டு. வீடியோ கேம்களைப் பற்றி என்றால் இரண்டு உண்டு. இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். பகலில் அவளுக்கு மைசூர் ஹெப்பாளில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டர் வேலை. அடுத்தவர் எழுதிய புரோகிராமில் பிழை கண்டுபிடித்து, 'இது இந்த மாதம் வெளியே போகக் கூடாது' என்று எழுதி அனுப்புவதற்குத்தான் சம்பளம். சாயங்காலம் என்.ஆர். மொஹல்லா வீட்டின் மாடி அறையில் மைக் முன்னால் உட்கார்ந்துவிட்டால், தேதியைத் தள்ளிப்போடும் கேம் கம்பெனிகளைக் கிழித்துத் தோரணம் கட்டுவாள். ஊருக்கு உபதேசம் என்பதற்கு மைசூரில் இதைவிட நல்ல உதாரணம் அகப்படாது. யாராவது அதைச் சுட்டிக்காட்டினால், அது வேலை, இது தர்மம் என்பாள்.

அவளுடைய யூடியூப் சேனலின் பெயரே 'சொன்ன தேதி'. முகம் காட்ட மாட்டாள், குரல் மட்டும்தான். சென்னை, கோவை, பெங்களூர், துபாய் என்று சில நூறு பேர் கேட்கிறார்கள். கூட்டம் சிறியதுதான், ஆனால் ஒவ்வொருவரும் பத்துப் பேருக்குச் சமமாகச் சண்டை போடுகிறவர்கள். அவர்களுக்குத் தீனி போடுவதில் ஷெர்லி குறை வைத்ததில்லை. கன்சோல் பழசானால் விலை இறங்கும் என்பதுதானே முறை, இப்போது பழசாக ஆக ஏறுகிறதே, இது மெஷினா, விஜயநகரில் வாங்கிப்போட்ட வீட்டு சைட்டா என்று கேட்பாள். டப்பாவுக்குள் டிஸ்க் இல்லாமல் வெறும் சங்கேத எண்ணை வைத்து விற்கிறவர்களைப் பற்றிப் பேசும்போது அவள் குரல் இரண்டு கட்டை ஏறிவிடும். ஸ்வீட் டப்பாவைத் திறந்தால் உள்ளே 'கடைக்கு வந்து வாங்கிக்கொள்ளவும்' என்று துண்டுச் சீட்டு இருந்தால் சும்மா விடுவீர்களா? நேற்று வந்த கேமுக்கு வெள்ளையடித்து இன்று புதுசு என்று விற்பது, மாதச் சந்தா கட்டச் சொல்லிவிட்டு பிடித்த கேமை மட்டும் பார்த்துத் தூக்கிவிடுவது, கேமைத் தவிர மற்ற எல்லாம் இருக்கும் டிரெய்லர் என்று அவள் பட்டியலுக்கு முடிவே கிடையாது.

இத்தனைக்கும் அவள் ஆருடம் எதுவும் பலித்ததில்லை. கையடக்கக் கன்சோலுக்குக் காலம் முடிந்துவிட்டது என்று அடித்துச் சொன்னாள். கொஞ்ச நாளில் ஆளுக்கு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். தவறாமல் பலித்தது ஒன்றே ஒன்றுதான். மூன்ஃபெரி இரண்டாம் பாகம் சொன்ன தேதிக்கு வராது என்பாள், வராது.

மூன்ஃபெரி என்பது ஒரு படகுக்காரியின் கதை. நிலா வெளிச்சத்தில் ஆற்றைக் கடக்கிறவர்களை ஏற்றிக்கொண்டு, அவர்கள் கதையைக் கேட்டுக்கொண்டே துடுப்புப் போட வேண்டும். அதன் முதல் பாகத்தைச் செய்த ஸ்வீடன்காரர்களுக்கு மனசாட்சி கிடையாது என்பது ஷெர்லியின் முடிந்த முடிவு. கடைசிப் பயணி முக்காடு போட்டுக்கொண்டு படகில் ஏறுகிறாள், நடு ஆற்றில் முக்காட்டை விலக்கக் கையைத் தூக்குகிறாள், அவ்வளவுதான், கேம் முடிந்து பெயர்ப் பட்டியல் ஓட ஆரம்பித்துவிட்டது. அந்த முக்காட்டுக்குள் யார் என்று தெரியாமல் ஏழு வருஷமாக ஷெர்லி நடு ஆற்றில் நிற்கிறாள். இரண்டாம் பாகத்துக்கு மூன்று முறை தேதி சொன்னார்கள், மூன்று முறையும் மஞ்சள் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஒரு மன்னிப்பு அறிவிப்புதான் வந்தது. ஒவ்வொரு முறையும் அவள் அந்த அறிவிப்பை மூக்கால் பேசி வாசித்துக் காட்டிவிட்டு, மைக்கை அணைத்ததும் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். அவ்வளவு ஆசை.

ஜூன் மாதம் நாலாவது முறையாகத் தேதி சொன்னார்கள். நவம்பர், ஒரு வியாழக்கிழமை. அதைப் பார்த்ததும் ஷெர்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேமை ஆடிக் காட்டவில்லை, படகைக்கூட முழுசாகக் காட்டவில்லை, நவம்பராம். மைக்கைப் பிடித்தாள். அரைமணி நேரம் காரணகாரியத்தோடு பேசிவிட்டு, கடைசியில் வாய் வழுக்கியது.

"வர்ற நவம்பர்ல மூன்ஃபெரி ரெண்டு நெஜமாவே வந்துச்சுன்னா, மாதா மேல சத்தியமா, வந்த அன்னைக்கே மொட்டை போட்டுக்கறேன்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி கிடையாது. ஷெர்லிக்கு இருந்தது. அவளுடைய அம்மா ஜேன் கான்வென்ட் பள்ளிக்கூடத்து டீச்சர். முப்பது வருஷமாகப் பிள்ளைகளை வளர்த்ததைவிட அந்த முடியை வளர்த்ததில்தான் அவளுக்குப் பெருமை அதிகம். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்கு ஷெர்லி மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு போனால் பின்வரிசைப் பெண்கள் பிரசங்கத்தை விட்டுவிட்டு அந்தப் பின்னலைத்தான் பார்ப்பார்கள். ஷெர்லிக்கும் அது தெரியும். தெரியாத மாதிரி நடப்பதில் அவள் கெட்டிக்காரி.

ஆகஸ்டில் டேவிஸ் வந்தான். கௌதள்ளி கிராமத்துக்காரன், மைசூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். பெண் பார்க்க வந்த இடத்தில் தனியாகப் பேசச் சொன்னார்கள். ஷெர்லி எடுத்த எடுப்பிலேயே, நான் கேம் ஆடுவேன், அதைப் பற்றி சேனலில் பேசவும் செய்வேன் என்று சொல்லிவிட்டாள். பழைய போனில் பாம்பு விளையாட்டு மட்டும் ஆடியிருக்கிறேன், அதிலும் சீக்கிரம் செத்துவிடுவேன் என்றான் அவன். கல்யாணத்துக்கு அப்புறம் அதெல்லாம் விட்டுவிடுவீர்கள்தானே என்று கேட்காத முதல் ஆள் அவன்தான். நிதானமாகப் பேசினான், அவள் பேசும்போது குறுக்கே பேசாமல் கேட்டான், சிரித்தால் கண்ணும் சேர்ந்து சிரித்தது. ஷெர்லிக்குப் பிடித்துவிட்டது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவளுக்கு ஒரே அபிப்பிராயம்தான்.

திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் கிறிஸ்துமஸ் முடியும்வரை கோயிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். அதனால் அதற்கு முந்தைய திங்கட்கிழமை முகூர்த்தம் என்று முடிவானது. காலண்டரைப் பார்த்த ஷெர்லி, அதற்கு முந்திய வியாழக்கிழமைதான் மூன்ஃபெரியின் தேதி என்று கண்டு தனக்குள் சிரித்துக்கொண்டாள். அதுவாவது, வருவதாவது.

தசராக் கூட்டம் ஊரை அடைத்துக்கொண்டிருந்த அக்டோபர் மாதத்தில் அந்தச் செய்தி வந்தது. கேம் தங்கமாகிவிட்டது. அதாவது வேலை முழுவதும் முடிந்து டிஸ்க் அடிக்கப் போய்விட்டது. இனி உலகமே தலைகீழாக நின்றாலும் தேதி தள்ளாது. ஆபீசில் நாற்காலியிலிருந்து எகிறிக் குதித்தாள் ஷெர்லி. பக்கத்தில் இருந்தவர்கள் அவளுக்குப் பதவி உயர்வு வந்துவிட்டது என்று நினைத்துக் கைகொடுத்தார்கள், அவளும் எல்லோருக்கும் கைகொடுத்தாள். லிஃப்டில் யாரும் இல்லாததால் கொஞ்சம் ஆடினாள், இரண்டாவது மாடியில் ஒருவர் ஏறிய பிறகும் நிறுத்த முடியவில்லை. விளக்கு அலங்காரத்துக்கு நடுவே ஸ்கூட்டரில் பாடிக்கொண்டே வந்தாள். வீட்டு வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றினாள். பின்னல் சரிந்து தோள்வழியாக முன்னால் விழுந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது.

பாட்டு நின்றுவிட்டது.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்ததும் ரெஜி அதைப் போட்டு உடைத்தான். ரெஜி கோயில் பாடகர் குழுவில் கீபோர்ட் வாசிப்பவன். 'சொன்ன தேதி'யின் கேட்பவர்களிலேயே அதிகம் மல்லுக்கு நிற்கிறவன். ஷெர்லி அக்கா மொட்டையை லைவில் போடுகிறார்களா, ரெக்கார்ட் பண்ணிப் போடுகிறார்களா என்று ஜேன் டீச்சரிடமே மரியாதையாகக் கேட்டான்.

வீட்டுக்கு வந்ததும் ஜேன் உட்கார்ந்து அழுதாள். கல்யாணப் பெண்ணுக்கு மொட்டையா, கௌதள்ளிக்காரர்கள் என்ன நினைப்பார்கள், போட்டோவில் எப்படி நிற்பாள் என்பதெல்லாம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வேறு.

"மாதா பேரை எதுக்குடி இதுல இழுத்தே? வேளாங்கண்ணிக்கு நேர்ந்துக்கிட்டு முடி கொடுக்கறவங்க இருக்காங்க. நீ பொம்மை விளையாட்டுக்கு நேர்ந்திருக்கியே."

பொம்மை விளையாட்டு என்ற சொல்லுக்கு ஷெர்லியிடம் நாற்பது நிமிட எபிசோடே இருந்தது. அதை எடுக்க அது நேரமில்லை என்று அவளுக்கே தெரிந்தது. அவளுடைய அப்பா குழந்தைசாமி, ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நடைமுறை தெரிந்த மனிதர். உன் முகத்தையே பார்க்காதவர்களுக்கு உன் தலை எப்படி இருக்கிறது என்று எங்கே தெரியப் போகிறது, போட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போ என்றார். யோசனை பிரமாதமாகத்தான் இருந்தது. ஆனால் கேமை ஆடிக் காட்டாமல் டிரெய்லரைக் காட்டி ஏமாற்றுகிறவர்களுக்கும் தனக்கும் அப்புறம் என்ன வித்தியாசம் என்று ஷெர்லிக்குத் தோன்றியது.

ஜேன் பங்குச் சாமியாரைப் போய்ப் பார்த்தாள். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு இருமல் வரும்வரை சிரித்தாராம். நல்லது ஒன்றுக்காக யோசித்து நேர்ந்துகொள்வதுதான் நேர்ச்சை, வாய்க்கு வந்தபடி சொன்னது கட்டுப்படுத்தாது, மாதாவுக்கு இதைவிட முக்கியமான வேலைகள் இருக்கின்றன, ஒரு ஜெபமாலை சொல்லி ஒரு தர்ம காரியம் செய்துவிட்டு முடியோடு கல்யாணம் பண்ணிக்கொள்ளச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ஜேன் சந்தோஷமாக வந்து கேசரி கிளறினாள். ஷெர்லி இரண்டு தட்டுச் சாப்பிட்டாள். மாதாவின் கணக்கு தீர்ந்தது.

மீதி இருந்தது அந்தச் சில நூறு பேர். அவர்களுக்கு ஒரு வார்த்தை எழுதிப் போட்டால் போதும், கல்யாணம் என்றால் யார்தான் புரிந்துகொள்ள மாட்டார்கள்? கேசரி ஜீரணமாகும் முன்பே மாடி அறையில் உட்கார்ந்து மரியாதையாக எழுதினாள்.

'அன்பான நேயர்களுக்கு, இத்தனை நாள் நீங்கள் காட்டிய பொறுமைக்கு நன்றி. நவம்பரில் வெளியாக இருந்த மொட்டை, தவிர்க்க முடியாத காரணங்களால் அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கப்படுகிறது. இது எளிதாக எடுத்த முடிவல்ல. நீங்கள் எதிர்பார்க்கும் தரத்தில் மொட்டையை வழங்க எங்களுக்கு இன்னும் சிறிது காலம் தேவைப்படுகிறது.'

எழுதி முடித்து ஒருமுறை படித்தாள். பழக்க தோஷம், மூக்கால் படித்துவிட்டாள். முதலில் உதடு துடித்தது, அப்புறம் தோள் குலுங்கியது, அப்புறம் தரையில் உட்கார்ந்து விக்கல் எடுக்கும்வரை சிரித்தாள். சத்தம் கேட்டு ஓடிவந்த ஜேன் தண்ணீர் கொடுத்தாள். மஞ்சள் பின்னணி ஒன்றுதான் பாக்கி. ஏழு வருஷமாக எவனை எவனை என்ன என்ன சொல்லித் திட்டினாளோ, அவன் எழுதியதை எழுத்துக்கு எழுத்து அவளே எழுதியிருந்தாள். அந்த ஸ்வீடன்காரர்களாவது கடைசியில் சொன்ன தேதிக்கு வரப் போகிறார்கள். அவர்கள் வந்து நிற்கும்போது இவள் வராமல் போவதா? அழித்துவிட்டாள். அழித்ததும் மனசு லேசாகிவிட்டது. ஆனால் டேவிஸுக்கு யார் சொல்வது?

ஆஸ்பத்திரி கேண்டீனில் அவனுடைய டீ நேரத்தில் போய்ச் சொன்னாள். படகுக்காரி, முக்காடு, மூன்று மன்னிப்பு அறிவிப்புகள், சத்தியம், சாமியார், சிரிப்பு என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். டேவிஸின் டீயில் ஆடை கட்டியது. அவன் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"யாருங்க எடுக்கறாங்க?"

பார்லரில் எடுத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன் என்றாள்.

"பார்லர்ல வேண்டாமுங்க. நீள முடிக்கு மெஷினை அப்படியே வெச்சா இழுத்துப் புடிச்சுக்கும், தோலு புண்ணாயிரும். நானே வந்து எடுத்துடறனுங்க."

அவன் வேலை பார்ப்பது மூளை ஆபரேஷன் வார்டில். ஆபரேஷனுக்கு முன்னால் தலையை வழிப்பது அவன் கைவேலை. அதை அப்போதுதான் ஷெர்லி தெரிந்துகொண்டாள். மேற்கொண்டு பேசுவதற்குள் வார்டிலிருந்து கூப்பிட்டார்கள், போய்விட்டான். அவன் சம்மதித்துவிட்டுப் போனானா, இல்லை எதிரே ஒரு தலையைப் பார்த்ததும் கை பழகிய வேலையைச் சொன்னானா? நாள் முழுக்க மற்றவர் வேலையைப் பார்த்துத் தேறியது, தேறவில்லை என்று எழுதுகிறவளுக்கு இவன் முகத்தைப் பார்த்து ஒன்றும் எழுத முடியவில்லை.

அதற்குப் பிறகு கௌதள்ளியிலிருந்து போனே வரவில்லை. வழக்கமாக ஒருநாள் விட்டு ஒருநாள் கூப்பிட்டு, சீலை எடுத்தாச்சா, மேளம் சொல்லியாச்சா என்று கேட்கும் சம்பந்தியம்மாள், டேவிஸின் அம்மா, கூப்பிடுவதையே நிறுத்திவிட்டாள். ஜேன் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோயிலில் கல்யாண ஓலை மூன்று வாரமும் வாசித்தாயிற்று, பத்திரிகை கொடுத்தாயிற்று, இனி இது நின்றால் எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவது என்று புலம்பினாள். ஷெர்லிக்குக் கோயிலைப் பற்றிக் கவலையில்லை. டேவிஸ் போய்விடுவானோ என்று பயந்தாள். அந்தப் பயம் அவளுக்கே புதிதாக இருந்தது. இதுவரை ஒரு கேம் கைக்கு வராமல் போய்விடுமோ என்று பயந்திருக்கிறாளே தவிர, எந்த ஆளும் வராமல் போய்விடுவானோ என்று பயந்ததில்லை. கடைசியில் புதன்கிழமை அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. நாளைக் காலை எட்டு மணிக்கு வருகிறேன், தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டாம். அவ்வளவுதான்.

வியாழக்கிழமை விடிந்தது. லண்டனில் நள்ளிரவு ஆகும்போது கேம் திறக்கும், இங்கே அது விடியற்காலை ஐந்தரை. தேவராஜ அர்ஸ் ரோட்டுக் கடைக்காரர் டிஸ்க்கை முந்தின நாளே கொடுத்திருந்தார். ஷெர்லி அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுத்தாள். ஐந்தரைக்கு உள்ளே தள்ளினாள், திரை மின்னியது, இதயம் எகிறியது, உடனே ஓர் அறிவிப்பு வந்தது. டிஸ்க்கில் இருப்பது போதாதாம். மீதியை இன்டர்நெட்டில் இறக்கிக்கொள்ள வேண்டுமாம், அதுவும் மலை மாதிரி. அதைப் பற்றி ஷெர்லி சொன்ன அபிப்பிராயத்தைக் கேட்டுத் தெருநாய் குரைத்தது. குழந்தைசாமி டிவிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, எத்தனை சதவீதம் இறங்கியிருக்கிறது என்று ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி அவ்வப்போது சொல்லும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்.

எட்டு மணிக்கு டேவிஸ் வந்தான். கையில் பை, பைக்குள் மெஷின், வெள்ளைத் துணி, கத்தரி, பஞ்சு. ஜேனைப் பார்த்து, வணக்கமுங்க அத்தை என்றான். அவனுடைய அம்மாவைப் பற்றி ஜேன் கேட்க வாயெடுப்பதற்குள் கையைக் கழுவப் போய்விட்டான். ரெஜி ஏற்கெனவே வந்து ஜன்னலோரம் போனை நிறுத்தி வைத்திருந்தான். லைவ் தொடங்கியது. அத்தனை வருஷமாகக் குரலை மட்டும் கேட்டவர்கள் முதல்முறையாக ஷெர்லியைப் பார்த்தார்கள். ஷெர்லி பின்னலை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டாள், அது மடியில் சுருண்டு விழுந்தது.

போன் திரையில் எழுத்துகள் கொட்ட ஆரம்பித்தன. ரெஜி படித்துக்காட்டினான். இவ்வளவு முடியா, யாரும் நம்பவில்லை. வேண்டாம் அக்கா. சத்தியத்தை நாங்கள் மன்னித்துவிட்டோம். திங்கட்கிழமை கல்யாணமாமே, தயவுசெய்து விட்டுவிடுங்கள். எப்போதும் அவளைத் திட்டித் தீர்க்கும் துபாய்க்காரர் ஒருவர் கைகூப்பும் பொம்மையாகப் போட்டு நிரப்பினார். ரெஜியே போனைக் கீழே வைத்துவிட்டு, "பேடா அக்கா, விட்டுடுங்க. எல்லாருமே சாகு, போதும்னுதான் சொல்றாங்க" என்று கன்னடம் கலந்து கெஞ்சினான். ஜேன் ஜெபமாலையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு மகளைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லோரும் எழுந்து கைதட்டத் தயாராக இருந்தார்கள்.

ஷெர்லிக்கு ஆசையாகத்தான் இருந்தது. பின்னலை ஒருமுறை நுனிவரை தடவிப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை. அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மன்னிப்புக் கேட்டுத் தேதியைத் தள்ளிப்போட நான் என்ன கம்பெனியா? எடுங்க."

டேவிஸ் பின்னலை இரண்டு இடத்தில் ரப்பர் போட்டுக் கட்டி, நடுவில் கத்தரியை வைத்தான். முடி அறுபடும் சத்தம் மொறுமொறுவென்று கேட்டது. பின்னலை அப்படியே கொண்டுபோய் ஜேன் கையில் கொடுத்து, புற்றுநோய் வார்டில் இதை விக் செய்ய வாங்கிக்கொள்வார்கள், சாமியார் சொன்ன தர்ம காரியத்துக்கு ஆகும் என்றான். ஜேன் அதைக் குழந்தையை வாங்குவது போல வாங்கிக்கொண்டாள். அப்படியானால் ஷெர்லி இவனிடம் சாமியார் சொன்னதைக்கூட ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறாள், இவனும் ஒன்றுவிடாமல் கேட்டிருக்கிறான்.

கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னான், மெஷின் ஓட ஆரம்பித்தது. நெற்றியிலிருந்து பின்கழுத்துவரை ஒரு குளிர்ச்சி இழுத்துக்கொண்டு போனது. அவன் விரல்கள் அவள் தலையை லேசாகச் சாய்த்துப் பிடித்திருந்தன, துளிகூட வலிக்கவில்லை. குழந்தைசாமி எழுபது என்றார். ஷெர்லிக்குப் பயம், அழுகை, சிரிப்பு மூன்றும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. உடம்பு நடுங்குவதை டேவிஸ் கவனித்திருக்க வேண்டும். வார்டில் நடுங்குகிறவர்களிடம் கேட்கும் கேள்வியை அதே குரலில் கேட்டான்.

"கண்ணு முழிச்சதும் முதல்ல யாரைப் பாக்கோணுமுங்க? சொல்லுங்க, நேரா முன்னால நிக்க வெக்கறேன்."

பெண்டாட்டி, பிள்ளை, அம்மா என்று நோயாளிகள் சொல்லுவார்கள். அதை ஷெர்லி ஊகித்தாள். நேராக முன்னால் நிற்கப் போகிற ஆள் யாராக இருக்க வேண்டும் என்று இந்த அறையில் எல்லோருக்கும் தெரியும் என்பதும், திங்கட்கிழமை கல்யாணம் என்பதும், லைவ் ஓடுகிறது என்பதும் அவளுக்குத் தெரியும். பொய் சொல்ல வசதியான நேரம். ஆனால் பொய் சொல்லக் கூடாது என்பதற்காகத்தானே தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"மூன்ஃபெரியை" என்றாள்.

மெஷின் நின்றது. ஜேன் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. ரெஜி போனை மூடலாமா என்று தவித்தான். ஷெர்லி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். சொல்லியிருக்க வேண்டாமோ என்று ஒரு விநாடி தோன்றியது, அந்த ஒரு விநாடியில் கௌதள்ளி, மேளம், மண்டபம் எல்லாம் கண்முன்னே இடிந்து விழுந்தன. டேவிஸ் அவள் கழுத்தில் ஒட்டியிருந்த முடியை ஊதித் தட்டினான்.

"சரிங்க" என்றான். "ரெண்டாவதா?"

எல்லாவற்றுக்கும் அபிப்பிராயம் வைத்திருந்த ஷெர்லிக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. சிரிப்பு பீறிட்டது, தலையை ஆட்ட வேண்டாம் என்று அவன் அதட்டினான், அதற்கும் சிரித்தாள்.

"நீங்கதான். வேற யாரு?"

"அப்பச் சரிங்க. எங்கம்மாவுந்தான் கேட்டாங்க, இத்தனை ஆசை இருக்கற புள்ளைக்கு உன்மேல கொஞ்சமாச்சும் மிச்சம் இருக்குமாடான்னு. பாத்துட்டு வந்து சொல்றேன், அதுவரைக்கும் போன் பண்ணாதீங்கன்னு சொல்லியிருந்தனுங்க."

ஜேன் பின்னலையும் ஜெபமாலையையும் ஒன்றாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். இந்த முறை அது வேறு அழுகை. மெஷின் மறுபடி ஓடியது. காதோரம், பிடரி, கடைசியாக உச்சி. ஈரப் பஞ்சால் தலை முழுவதையும் துடைத்தான். அதே சமயத்தில் குழந்தைசாமி நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, நூறு, வண்டி வந்துவிட்டது என்று முழங்கினார். ஆற்றுத் தண்ணீரின் சலசலப்பும், ஷெர்லி ஏழு வருஷமாகக் கனவில் கேட்ட அந்தத் துடுப்புச் சத்தமும் அறையில் நிறைந்தன.

"கண்ணைத் தொறங்க. உங்க முதல் ஆளு வந்தாச்சு."

திறந்தாள். டேவிஸ் துண்டும் கையுமாக நேர் எதிரே நின்றுகொண்டிருந்தான், டிவி முழுவதையும் மறைத்துக்கொண்டு. நெற்றியில் வியர்வை, சட்டையெல்லாம் அவள் முடி, கண் சிரித்துக்கொண்டிருந்தது. அவனுக்குப் பின்னால் படகு புறப்பட்டுவிட்டது. வேறு யாராவது இப்படி மறைத்திருந்தால் அவள் ரிமோட்டை எடுத்து எறிந்திருப்பாள்.

தான் மறைக்கிறோம் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. நகரட்டுங்களா என்று கேட்டுக்கொண்டே ஒதுங்கப் பார்த்தான். ஷெர்லி அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் இருங்க. ஏழு வருஷம் தள்ளிப்போனது, இன்னும் ரெண்டு நிமிஷம் தள்ளிப்போகட்டும்."